எறிகணைப் பஞ்சமும் சேமிப்புக் கணக்கும்: 1915ஆம் ஆண்டு நெருக்கடி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1915ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி இலண்டனில் வெளியான 'த ரைம்ஸ்' நாளிதழ், பிரான்சிலிருந்து அதன் போர்ச்செய்தியாளர் சாள்ஸ் ரெப்பிங்ரன் அனுப்பிய செய்தியொன்றைப் பிரசுரித்தது. ஐந்து நாட்களுக்கு முன்னர், மே 9ஆம் திகதி, ஓபேர்ஸ் முகட்டிலே பிரித்தானியப் படை நடத்திய தாக்குதல் தோல்வியுற்றமைக்கு உயர்வெடி எறிகணைகள் போதியளவு கிடைக்காமையே காரணம் என்பது அச்செய்தியின் சாரமாகும். அத்தாக்குதலுக்கு முன்னர் நாற்பது நிமிடங்கள் மட்டுமே பீரங்கிகள் முழங்கின. பின்னர் முன்னேறிய படையினருள் 11,000 பேருக்கு மேற்பட்டோர் அன்று ஒரே நாளில் இறந்தும் காயமுற்றும் காணாமற் போயினர். நிலைத்த பயன் எதுவும் கிட்டவில்லை.

இச்செய்தி வெளியான சில நாட்களுள் பிரித்தானிய அரசாங்கமே நிலைகுலைந்தது. தார்தனெல்ஸ் படையெடுப்புத் தொடர்பான கருத்து முரண்பாட்டால் கடற்படைத் தலைவர் பிஷர் பிரபு மே 15ஆம் திகதி பதவி துறந்தமையும் இதனோடு சேர்ந்துகொள்ள, அஸ்குயித்தின் லிபரல் அரசாங்கம் வீழ்ந்து கூட்டரசாங்கம் அமைந்தது. போர்த்தளபாடங்களுக்கெனப் புதியதோர் அமைச்சு தோற்றுவிக்கப்பட்டு லொயிட் ஜோர்ஜிடம் ஒப்படைக்கப்பட்டது. 'எறிகணை நெருக்கடி' என வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இதனையேயாம்.

உலகின் முதற் கைத்தொழில் நாடு எனப் பெயர்பெற்ற பிரித்தானியா, போர் தொடங்கி ஒன்பது மாதங்களுள் தன் பீரங்கிகளுக்கு வேண்டிய குண்டுகளை அளிக்க இயலாத நிலையை எய்தியது எவ்வாறு? அப்பற்றாக்குறை எவ்வழியில் நீங்கியது? அது நீங்கியதும் எதிர்பார்த்த பயன் விளைந்ததா? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சேமிப்பின் கணக்கு

பற்றாக்குறை என்றவுடன் சேமிக்கத் தவறிய அசட்டையே நம் நினைவுக்கு வரும். ஆனால் 1914 இல் ஐரோப்பிய வல்லரசுகள் எவையும் சேமிக்கத் தவறவில்லை. ரஷ்யா தன் களப்பீரங்கி ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1,000 குண்டுகளைக் களஞ்சியப்படுத்தி வைத்திருந்தது. பிரான்சின் இருப்பு அதனினும் சற்று மிகுதியானது. பிரித்தானியாவும் தன் பதினெட்டு இறாத்தற் பீரங்கிக்கு இதனையொத்த ஓர் அளவினையே வகுத்திருந்தது. இவ்வளவுகள் மனம்போன போக்கில் எடுக்கப்பட்டவையல்ல. 1899 முதல் 1902 வரை நிகழ்ந்த தென்னாபிரிக்கப் போர், 1904-1905 இல் நிகழ்ந்த ரஷ்ய-யப்பானியப் போர் ஆகியவற்றின் அனுபவங்களைக் கொண்டே அவை கணிக்கப்பட்டன.

கணக்கின் குறை இங்கேதான் உள்ளது. தென்னாபிரிக்காவிலே பரந்த வெளிகளில், குதிரையேறி விரைந்து மறையும் எதிரியை நோக்கிப் பீரங்கிகள் இடையிடையே முழங்கின. 1914ஆம் ஆண்டின் இறுதியில் மேற்குக் களத்திலோ இரு தரப்பினரும் பதுங்குகுழிகளுள் அமர்ந்துவிட்டனர். முட்கம்பியை அறுக்கவும், குழிகளைத் தகர்க்கவும், எதிரியின் பீரங்கிகளை அடக்கவும் பீரங்கியன்றி வேறு கருவி இருக்கவில்லை. ஒரு போர் முழுவதற்கும் போதுமென எண்ணிய இருப்பு சில வாரங்களிற் கரைந்தது. 1915 மார்ச் 10ஆம் திகதி நூவ் சப்பேல் என்னுமிடத்தில், இந்தியப் படைப்பிரிவினரும் பங்குகொண்ட தாக்குதலின் தொடக்கத்திலே, முப்பத்தைந்து நிமிடங்களில் எறியப்பட்ட குண்டுகள் தென்னாபிரிக்கப் போர் முழுவதிலும் எறியப்பட்டவற்றிலும் அதிகம் என்று கூறப்படுவதுண்டு.

மேலும், அக்கணக்குகள் யாவும் போர் சில மாதங்களில் முடிந்துவிடும் என்ற எடுகோளின்மீது எழுந்தவை. எனவே களஞ்சியத்தில் எவ்வளவு உள்ளது என்பதே முதன்மை பெற்றது. களஞ்சியம் வெறுமையாகும்போது அதனை எவ்வளவு விரைவாக நிரப்பலாம் என்பது இரண்டாம் இடத்தையே பெற்றது. பிரித்தானியாவில் வூலிச் அரச படைக்கலச் சாலையும், ஆம்ஸ்ரோங், விக்கேர்ஸ் முதலிய ஒருசில தனியார் நிறுவனங்களுமே இத்துறையிற் பயிற்சி பெற்றிருந்தன. சேமிப்பு என்பது சென்ற போரின் நினைவு. உற்பத்தி ஆற்றலே நடக்கும் போருக்குரியது. இவ்வேறுபாட்டினை உணரத் தவறியமையே நெருக்கடியின் வேராகும்.

குண்டொன்றின் உறுப்புகள்

பணமும் எந்திரங்களும் படைத்த நாடு உற்பத்தியை உடனடியாகப் பெருக்கியிருக்கலாகாதா என்று வினவலாம். அக்காலக் களப்பீரங்கியின் குண்டு ஒரு தனிப்பொருள் அன்று. பல பொருள்களின் கூட்டு. உருக்காலான எறிகணை உடல், அதனுள் இடப்படும் வெடிமருந்து, உரிய கணத்தில் அதனை வெடிக்கச் செய்யும் வெடியூட்டி, எறிகணையை வெளியே தள்ளும் உந்துமருந்து, அவ்வுந்துமருந்தைக் கொண்டிருக்கும் பித்தளைக் கோது, கோதின் அடியிலுள்ள பற்றுமூடி ஆகிய அனைத்தும் ஒருங்கு சேர்ந்தாலன்றிக் குண்டு உருவாகாது. ஆறு உறுப்புகளுள் ஐந்து மலைபோற் குவிந்திருப்பினும் ஆறாவது இல்லையாயின் பீரங்கி மௌனமே சாதிக்கும்.

1915 இல் நிகழ்ந்தது இதுவே. எறிகணை உடல்களைக் கடைவதற்குப் பல பட்டறைகள் முன்வந்தன. ஆனால் கடிகாரப் பொறியின் நுட்பத்தை வேண்டிய வெடியூட்டிகள் பின்தங்கின. வெடியூட்டிகள் வந்தபோது மருந்து நிரப்பும் சாலைகள் போதவில்லை. திறன்மிக்க எந்திரத் தொழிலாளர் பலர் போரின் முதல் மாதங்களிலே படையிற் சேர்ந்திருந்தனர். 1915 நடுப்பகுதியளவில் எந்திரக் கைத்தொழில் தன் ஆண் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரை இழந்திருந்தது. களஞ்சியக் கணக்கிலே இரும்பும் வெடிமருந்தும் இடம்பெற்றன. அவற்றை ஆக்கும் கைகள் இடம்பெறவில்லை.

மூலப்பொருள்களின் நிலையும் இத்தகையதே. கோடைற் எனப்படும் உந்துமருந்தை ஆக்குவதற்கு அசற்றோன் என்னும் கரைப்பான் வேண்டியிருந்தது. மரத்தை வடித்துப் பெறப்பட்ட அப்பொருள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய இரசாயனவியலாளர் கைம் வைஸ்மன், தானியங்களை நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்து அதனைப் பெறும் முறையைக் கண்டறிந்தார். நீர்மூழ்கிகளின் முற்றுகையால் 1917 இல் தானியமே அரிதாகியபோது, குதிரைக் கசக்கொட்டைகளைப் பொறுக்கித் தருமாறு பள்ளிச் சிறுவர்கள் கேட்கப்பட்டனர். அவை எதற்கென அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஏற்றிச்செல்ல வாகனமின்றிப் புகையிரத நிலையங்களிலே பெருந்தொகையான கொட்டைகள் அழுகின. சேர்ப்பதும் சேமிப்பதும் மட்டும் பற்றாக்குறையைத் தீர்க்கமாட்டா என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

எதிர்த்தரப்பில் ஜேர்மனியின் இடர் வேறுவகையானது. வெடிமருந்துக்கு இன்றியமையாத நைத்திரேற்று அந்நாட்டுக்குச் சிலி தேசத்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பிரித்தானியக் கடற்படை அவ்வழியை அடைத்தது. 1913 இல் ஒப்பௌ என்னுமிடத்திலே தொடங்கப்பட்டிருந்த, வளியிலுள்ள நைதரசனைக்கொண்டு அமோனியா ஆக்கும் ஹேபர்-பொஷ் முறை விரிவாக்கப்பட்டிராவிடின் ஜேர்மனி நெடுங்காலம் தாக்குப்பிடித்திராது. களஞ்சிய இருப்பன்று, ஆய்வுகூடத்திற் பிறந்த ஓர் உற்பத்தி முறையே அந்நாட்டின் போரை நீடிக்கச் செய்தது.

வெற்றுக் கோதுகளின் மீள்பயணம்

புதியன ஆக்குவதற்குக் காலம் பிடிக்குமிடத்துப் பழையனவற்றை மீளப் பயன்படுத்தும் வழி தானாகவே முன்னுக்கு வருகின்றது. பதினெட்டு இறாத்தற் பீரங்கி முழங்கியதும் எறிகணை பறந்துவிடும். பித்தளைக் கோது பீரங்கியின் அருகிலேயே விழும். சற்று விரிந்து உருக்குலைந்திருப்பினும் அது கெட்டுவிட்ட பொருளன்று. அதனைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினால், துப்புரவாக்கி, பழைய அளவுக்குக் கொணர்ந்து, மீண்டும் மருந்திட்டுக் களத்துக்கு அனுப்பலாம். ஒரே கோது இவ்வாறு பலமுறை கடல் கடந்து சென்றுவந்தது.

எனவே வெற்றுக் கோது அரசின் உடைமையாகக் கொள்ளப்பட்டது. குண்டுகளைக் கொண்டுசென்ற வண்டிகள் திரும்பும்போது வெற்றுக் கோதுகளைக் கொண்டுவந்தன. கோதுகளையும் குண்டுப் பெட்டிகளையும் திருத்துவதற்கெனத் தனியான தேசியத் தொழிற்சாலைகள் நிறுவப்பட்டன. இன்று ஐரோப்பிய நூதனசாலைகளிற் பூச்சாடிகளாகவும் நினைவுப்பொருள்களாகவும் காட்சி தரும், சித்திரம் செதுக்கிய கோதுகளிற் பல, சட்டப்படி பார்த்தால் திருப்பி ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டியவை. ஓய்வுவேளையிற் படைவீரன் ஒருவன் செதுக்கிய ஒவ்வொரு மலரும் அரசின் கணக்கேட்டில் ஒரு குறைவாகும்.

இச்செயல்முறை பொருளியல் நோக்கிற் குறிப்பிடத்தக்கது. ஒரு வெற்றுக் கோதினை மீட்பதால் ஒரு பித்தளைக் கட்டியும், அதனை உருக்கும் எரிபொருளும், தகடாக்கி இழுத்து உருவாக்கும் எந்திர நேரமும் மிச்சப்படுகின்றன. களஞ்சியத்தை நிலையான குவியலாக நோக்கிய பழைய சிந்தனை மறைந்து, வழங்கலைச் சுழன்றுவரும் ஓர் ஓட்டமாக நோக்கும் சிந்தனை இவ்வாறு உருவாயிற்று.

இலங்கைக் காரீயம்

கோதுகளை எவ்வளவு மீட்டாலும் புதிய பித்தளையின் தேவை ஒழியவில்லை. செம்பையும் நாகத்தையும் சேர்த்து உருக்கும் புடக்குகைகள் கடும் வெப்பத்தைத் தாங்கவேண்டும். அவற்றை ஆக்குவதற்கு அக்காலத்தில் மிகச் சிறந்ததெனக் கொள்ளப்பட்டது இலங்கைக் காரீயமாகும். கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் பாறைப் பிளவுகளில் நரம்புகளாகக் கிடக்கும் இக்கனியம் தூய்மையிற் சிறந்தது. போகலை, கஹட்டகஹ, கொலன்கஹ முதலிய அகழ்வுகள் இன்றும் பெயர் சொல்லப்படுபவை.

ஐரோப்பாவில் எழுந்த எறிகணைப் பசி இலங்கையின் சிற்றூர்களை இவ்வழியாகவே எட்டியது. போர் தொடங்கியபோது கப்பற் போக்குவரத்துத் தடைப்பட்டமையாற் காரீய வணிகம் முதலிற் சரிந்தது. பின்னர் கேள்வி பெருக விலையும் பெருகியது. 1916ஆம் ஆண்டில் ஏற்றுமதி ஏறத்தாழ 33,000 தொன்னை எட்டியது. காடழித்துப் புதிய குழிகள் தோண்டப்பட்டன. கைவிடப்பட்ட குழிகள் மீளத் திறக்கப்பட்டன. ஏணிவழியே ஆழத்தில் இறங்கிய தொழிலாளரும், கொழும்பிலும் ஏனைய இடங்களிலுமுள்ள கொட்டகைகளிற் காரீயத்தைத் தெரிந்து தரம்பிரித்த பெண்களும், தாம் பங்குகொள்ளும் போரின் களங்களைப் பற்றி அறிந்திருப்பர் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இவ்வளம் நிலைக்கவில்லை. 1918 இல் கப்பல்கள் போதாமையாற் பெருங் கொள்வனவாளரான அமெரிக்கா இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. போர் முடிந்ததும் தேவை விழுந்தது. மடகஸ்காரின் மலிவான காரீயம் போட்டிக்கு வந்தது. மின்னுலைகள் பரவியதும் புடக்குகைகளின் தேவையே சுருங்கியது. குழிகள் பல நீரால் நிரம்பின. வல்லரசொன்றின் பற்றாக்குறை குடியேற்ற நாடொன்றின் திடீர்ச் செழிப்பாகவும், அதன் நிறைவு அந்நாட்டின் வீழ்ச்சியாகவும் மாறியமைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பஞ்சத்தைப் போக்கியவர் யார்?

லொயிட் ஜோர்ஜின் அமைச்சு பஞ்சத்தைப் போக்கியது என்பது பரவலான கூற்று. அவரது நினைவுக் குறிப்புகள் இக்கூற்றுக்குப் பெரிதும் வலுவூட்டின. புதிய அமைச்சின் சாதனைகளைக் குறைத்து மதிப்பிடவியலாது. நாடெங்கும் தேசியத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1915 மார்ச் மாதத்திலே தொழிற்சங்கங்களோடு எய்திய உடன்பாட்டையும், யூலை மாதத்தில் நிறைவேறிய போர்த்தளபாடச் சட்டத்தையும் கொண்டு, திறன்மிக்க தொழிலாளர் செய்த வேலைகள் பகுக்கப்பட்டுப் பெண்களிடமும் பயிற்சியற்றோரிடமும் ஒப்படைக்கப்பட்டன. ஸ்கொத்லாந்து எல்லையிலே கிரெற்னாவில் பல மைல் நீளத்துக்கு எழுந்த கோடைற் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் பணியாற்றினர்.

ஆயினும் ஆர்டருக்கும் விளைவுக்குமிடையே மாதக்கணக்கான இடைவெளி உண்டென்பதை மறத்தலாகாது. 1915ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே களத்தைச் சென்றடைந்த குண்டுகளிற் பெரும்பாலானவை, கிச்சினர் பிரபுவின் போர் அலுவலகம் முன்னரே ஆர்டர் செய்தவை. பத்திரிகைகளால் தூற்றப்பட்டவர் விதைத்ததை, போற்றப்பட்டவர் அறுவடை செய்தார் எனின் அது முற்றிலும் மிகையாகாது. எனினும் போர் அலுவலகம் தானறிந்த ஒருசில நிறுவனங்களையே நெடுநாள் நம்பியிருந்தது என்பதும் உண்மையே. எனவே இருவருள் ஒருவரைக் குற்றவாளியாகவும் மற்றவரை மீட்பராகவும் காட்டும் வரலாறு முழுமையற்றது.

இதனோடு இன்னொன்றும் கருதற்பாலது. தளபதி சேர் ஜோன் பிரெஞ்ச் ரெப்பிங்ரனுக்கும் அரசியல்வாதிகளுக்கும் வேண்டிய விபரங்களைத் தாமே அளித்தார். ஏப்ரில் 20ஆம் திகதி நியூகாசிலிலே உரையாற்றிய பிரதமர் அஸ்குயித் பற்றாக்குறையாற் படை இடர்ப்படுகிறது என்பதை மறுத்திருந்தமை அவரது சினத்தைத் தூண்டியிருந்தது. ஆனால் ஓபேர்ஸ் முகட்டின் தோல்விக்குக் குண்டுகளின் குறைவு மட்டுமன்றி, ஜேர்மானிய அரண்கள் மார்ச் மாதத்தின் பின்னர் வலுப்பெற்றிருந்தமையை உணராத திட்டமும் காரணமாகும். பற்றாக்குறை உண்மையானது, அதே வேளை அது வசதியான சாக்காகவும் பயன்பட்டது.

பஞ்சம் நீங்கிய பின்னர்

குண்டுகள் போதியளவு இருந்திருப்பின் வெற்றி கிட்டியிருக்கும் என்ற வாதம் ஓராண்டின் பின் சோதனைக்குள்ளாயிற்று. 1916 யூன் 24ஆம் திகதி முதல் ஒரு வாரகாலம் சொம் ஆற்றுப் பகுதியிலே பிரித்தானியப் பீரங்கிகள் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளை எறிந்தன. நூவ் சப்பேலின் முப்பத்தைந்து நிமிடங்களோடு இதனை ஒப்பிட்டால் உற்பத்தியின் வளர்ச்சி நன்கு புலனாகும். யூலை 1ஆம் திகதி படையினர் குழிகளிலிருந்து எழுந்து முன்னேறினர். அன்று மாலையளவில் 57,470 பேர் வீழ்ந்திருந்தனர். அவர்களுள் 19,240 பேர் இறந்தனர்.

எறியப்பட்டவற்றுட் பெரும்பகுதி ஆழமான பதுங்கிடங்களைத் தகர்க்கவல்லன அல்லாத சிதறுகுண்டுகள். அவசரத்தில் ஆக்கப்பட்ட வெடியூட்டிகள் பழுதுற்றமையால் வெடிக்காது புதைந்தவை ஏராளம். பிரான்சின் உழவர்கள் அவற்றை இன்றும் வயல்களிலிருந்து எடுத்து ஓரத்தில் வைக்கின்றனர். எண்ணிக்கைக்கான அவசரம் தரத்தை உண்டது. 1914 இன் கணக்கு அளவைக் குறைத்து மதிப்பிட்டுத் தவறிழைத்தது. 1916 இன் கணக்கு அளவையே அனைத்துமாகக் கொண்டு தவறிழைத்தது.

நிறைவுக்கு உள்நாட்டிற் செலுத்திய விலையும் சிறிதன்று. ரி.என்.ரி. வெடிமருந்தைக் கையாண்ட பெண்களின் தோலும் தலைமயிரும் மஞ்சளித்தன. 'கனேரிக் குருவிகள்' என மக்கள் அவர்களை அழைத்தனர். அந்நஞ்சினால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1916 டிசம்பரில் லீட்ஸ் நகருக்கருகே பான்போ தொழிற்சாலை வெடிப்பில் 35 பெண்களும், 1917 ஜனவரியில் இலண்டனின் சில்வர்ரவுனில் 73 பேரும், 1918 யூலை 1ஆம் திகதி சில்வெல் நிரப்புசாலையில் 134 பேரும் மாண்டனர். பான்போவின் செய்தி தணிக்கையால் மறைக்கப்பட்டது. உயிர்தப்பிய பெண்கள் சில மணிநேரத்துள் அதே வேலைக்குத் திரும்பினர். போர் முடிந்ததும் அவர்களுட் பெரும்பாலானோர் வேலையிலிருந்து விலக்கப்பட்டனர்.

முடிவுரை

1915ஆம் ஆண்டின் எறிகணை நெருக்கடி, சேமிப்பின் சிறுமையால் விளைந்ததன்று. எத்துணைப் பெரிய களஞ்சியமாயினும் சென்ற அனுபவத்தின் அளவையே அது கொண்டிருக்கும். பற்றாக்குறை என்பது தனித்த ஓர் எண்ணன்று. செலவாகும் வேகத்துக்கும் ஆக்கவும் மீட்கவும் இயலும் வேகத்துக்குமிடையிலான உறவே அது. வெற்றுக் கோதினைத் திரும்பப் பெற்று மீள நிரப்பக் கற்றுக்கொண்ட போதும், பட்டறைகளையும் ஆய்வுகூடங்களையும் ஒருங்கிணைத்த போதுமே அவ்வுறவு சமனடைந்தது.

ஆனால் அச்சமநிலையைக் கொண்டாடும் நூல்கள் வேறொரு கணக்கினைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. கோதுகள் எண்ணப்பட்டன, எத்தனை முறை நிரப்பப்பட்டன என்பதும் குறித்துவைக்கப்பட்டது. கேகாலைக் குழியிலிறங்கியவனும், பான்போவில் மஞ்சளித்துப் போனவளும், ஓபேர்ஸ் முகட்டிலும் சொம் கரையிலும் வீழ்ந்தவனும் அவ்வேட்டில் இடம்பெறவில்லை. பித்தளைக் கோதினை மீள நிரப்பலாம். மனிதரை அவ்வாறு நிரப்பவியலாது. போர்ப் பொருளியலின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரு கணக்குகளையும் ஒருசேர நோக்கும்போதுதான் 'பஞ்சம் தீர்ந்தது' என்னும் சொற்றொடரின் முழுப்பொருளும் விளங்கும்.